புதுப்பிப்பு: கோஸ்பல் கூடாரமும் ஐர்மா தாமஸும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவின் கோஸ்பல் (கிறிஸ்தவ பக்தி இசை) கூடாரத்துக்குப் பாடகி ஐர்மா தாமஸ் பலமுறை திரும்பி வந்ததைப் பற்றி இந்த இழையில் எழுதியிருந்தேன். "அவர் சோல் பாடகியாச்சே, அங்கே என்ன பாடுவார்?" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி; சோல் என்பது பெரும்பாலும் காதல் போன்ற உலகியல் விஷயங்களைப் பாடும் இசை.

அங்கே அவர் பாடியது கோஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சனுக்கு அஞ்சலியாக. மஹாலியா அதே ஊரில் பிறந்து, இளம் வயதில் சிகாகோ போனவர். 1970இல் முதல் விழா காங்கோ சதுக்கத்தில் நடந்தபோது ஊர் திரும்பியிருந்தார். யுரேகா பித்தளை வாத்தியக் குழு வாசித்து வர, விழா அமைப்பாளர் ஜார்ஜ் வெய்ன் மஹாலியாவிடம் மைக்கை நீட்டினார். மஹாலியா கூட்டத்துக்கு நடுவிலேயே பாடத் தொடங்கிவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைவது அந்த இடத்தில்தான். 1972 ஜனவரியில் மஹாலியா காலமானார்.

அப்புறம், ஐர்மாவும் சிறுவயதில் பாப்டிஸ்ட் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர்தான்.