மறு: மின்காந்தமா, மின்காந்தவியலா, மின்காந்தமையா?

வணக்கம் நண்பர்களே,

இங்கிலீஷ்ல எலக்ட்ரோமேக்னெடிசம்னு சொல்றாங்களே, மின்சாரமும் காந்தமும் சேர்ந்த அந்தத் தன்மைக்குத் தமிழ்ல என்ன பேர் வெக்கிறதுங்கறதுதான் நம்ம பேச்சு. மின்காந்தம்னே இருக்கட்டும், புதுசு எதுக்குன்னு கேட்டவருக்குத்தான் முதல்ல பதில். அந்தச் சொல்லு ஏற்கனவே ஒரு சாமானுக்குப் போயிடுச்சுங்க. இரும்பு ஆணியில எனாமல் செப்புக் கம்பியச் சுத்தி பேட்டரில கனெக்ட் பண்ணா ஜெம் கிளிப்பெல்லாம் ஓடி வந்து ஒட்டிக்குது, கனெக்ஷன எடுத்தா பொலபொலன்னு விழுது, அந்த ஆணிதான் மின்காந்தம், பள்ளிக்கூட புஸ்தகத்துலயும் அப்படித்தான். அந்தத் தன்மைக்கும் அதே பேர வெச்சா, "மின்காந்தத்தின் வலிமை"ன்னு எழுதும்போது எதோட வலிமைன்னு படிக்கிறவன் முழிப்பான்.

மின்காந்தவியல்னு போட்டா முடிஞ்சுதுன்னு இன்னொருத்தர் சொல்றார். இயல்னா துறை, படிப்பு. "அணுவுக்குள்ள எலக்ட்ரானைப் பிடிச்சு வெச்சிருக்கிறது மின்காந்தவியல்"னு எழுதிப் பாருங்க, பாடப்புத்தகம் போய்ப் பிடிச்சு வெச்ச மாதிரி இருக்கு. இங்கிலீஷ்ல அந்தச் சொல்லோட கடைசியில வர்ற "இசம்" தன்மை, துறைன்னு ரெண்டு வேலையும் பாத்துடுது, நமக்கு அந்த சௌகரியம் இல்ல.

இங்கிலீஷ் சொல்லோட கிரேக்க மூலத்துல இருந்தே தமிழ்ச்சொல் ஆக்கணும்னு சிலர் சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல. எலக்ட்ரான்னா கிரேக்கத்துல அம்பர், துணியில தேய்ச்சா துரும்ப இழுக்குமே அந்தப் பிசின். கில்பர்ட்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி 1600-ல "அம்பர் மாதிரியான"ங்கற அர்த்தத்துல லத்தீன்ல ஒரு சொல் ஆக்கினார். மேக்னட், மக்னீசியாங்கற இடத்துப் பேர்லேர்ந்து வந்ததும்பாங்க. கிர்ச்சர்ங்கற ஜெர்மன் அறிஞர் 1641-லயே எலக்ட்ரோ-மேக்னெடிஸ்மோஸ்னு தலைப்பு போட்டுட்டார், ஆனா அவர் சொன்னது அம்பரோட இழுப்பத்தான்! கரண்ட் ஓடுற கம்பி பக்கத்துல திசைகாட்டி முள்ளு திரும்புதுன்னு கோபன்ஹேகன்ல ஓர்ஸ்டெட்ங்கற விஞ்ஞானி 1820-ல காட்டின பிறகுதான் இன்னிக்கு இருக்குற அர்த்தமே வருது. அவரும் அந்த அறிக்கையோட தலைப்புல "மின் மோதல்"ங்கற மாதிரிதான் எழுதினார். அவங்களே அம்பர மறந்தாச்சு, நாம எதுக்குத் தேடணும், மின்னல்லேர்ந்து வந்த மின் இருக்கு, போதும்.

காந்தம் வடசொல், மாத்தணும்னு ஒரு குரல். அயஸ்காந்தம், இரும்புக்குப் பிரியமானதுன்னு அர்த்தம், அழகாத்தான் இருக்கு. காந்தக்கல், காந்த ஊசின்னு ஊரே பேசுற சொல்ல இப்ப பிடுங்க வேணாம்.

என் பரிந்துரை: சாமானுக்கு மின்காந்தம், துறைக்கு மின்காந்தவியல், தன்மைக்கு மின்காந்தமை. பெயர்ச்சொல்லோட மை ஒட்டுமான்னு கேக்காதீங்க, தாய்மை இருக்கு, வளம் வளமையாகுது. மின்காந்தத்தன்மையும் தப்பில்ல, ஆனா வாக்கியத்துல வேற்றுமை உருபு சேர்ந்தா மூச்சு வாங்குது. மின்காந்த அலை, மின்காந்தப் புலம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதுல கை வைக்க வேணாம்.

இத ஏத்துக்கிட்டா மேக்னெடிசத்துக்கும் காந்தமைன்னு வரணும், நம்ம கலைச்சொல் பட்டியல்ல தன்மையச் சொல்ற இடத்துல காந்தவியல்னு போட்டிருக்கிறதையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துத் திருத்தணும். அதுக்கு யாரெல்லாம் வர்றீங்க?