கரீனினுக்கு எது முதலில்: மனைவியா, ஊர் வாயா?

செந்தூல் வாசகன்:
"கரீனின் மனைவியின் நலனுக்காகத்தான் எச்சரித்தான்" என்று ஜார்ஜ்டவுன் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. டால்ஸ்டாயின் நாவல் 'அன்னா கரீனினா', இரண்டாம் பாகம், 8ஆம் அத்தியாயம். பெட்சி சீமாட்டி வீட்டு விருந்தில் கரீனினின் மனைவி அன்னாவும் அவளைக் காதலிக்கும் விரான்ஸ்கியும் தனி மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கரீனினுக்கு அது தப்பாகவே படவில்லை. மற்றவர்களுக்குத் தப்பாகப் பட்டதைப் பார்த்த பிறகே அவனுக்கும் படுகிறது. வீடு திரும்பி, குறுக்கும் நெடுக்கும் நடந்து, அவளிடம் பேச நான்கு தலைப்பு வகுக்கிறான். முதல் தலைப்பு, ஊர் அபிப்பிராயமும் கண்ணியமும். நலன் எங்கே?

ஜார்ஜ்டவுன்:
நான்கில் ஒன்றை மட்டும் காட்டுவது என்ன நேர்மை தம்பி? இரண்டு, திருமணத்தின் சமயப் பொருள். மூன்று, மகனுக்கு வரும் கேடு. நான்கு, அவளுக்கே வரும் துன்பம். நான்காவது நலன் இல்லாமல் வேறென்ன?

செந்தூல் வாசகன்:
கடைசியில் வருகிறது, ஐயா. பெற்ற மகனுக்கே 'தேவைப்பட்டால்' என்று ஒட்டுப் போடுகிறான். முதலில் எது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
வரிசையை விட்டுவிட்டு மூன்றாம் பாகத்துக்கு வாருங்கள். குதிரைப் பந்தயம் முடிந்து வண்டியில் அன்னா, விரான்ஸ்கியைக் காதலிப்பதைக் கணவனிடம் ஒப்புக்கொண்டாயிற்று. 13ஆம் அத்தியாயத்தில் துப்பாக்கிச் சண்டை, மணவிலக்கு, பிரிந்து வாழ்வது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறான். மணவிலக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம், வழக்குமன்றத்தில் சாட்சி வைத்தால் அவளைவிட அவன் பெயர்தான் அதிகம் கெடும், எதிரிகள் பிடித்துக்கொள்வார்கள். பிறகு பணத்தோடு கடிதம்: செவ்வாய்க்கிழமைக்குள் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர். வீடு வெளிப்பார்வைக்குப் பழையபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜார்ஜ்டவுன்:
அந்தக் கடிதத்தைப் பிரெஞ்சில் ஏன் எழுதினான்? ரஷ்ய மொழியின் 'நீங்கள்' மனைவிக்கு எழுதினால் அந்நியம்போல் குளிர்ந்து போயிருக்கும், பிரெஞ்சுச் சொல்லில் அந்தக் குளிர் இல்லை. மனைவி மனம் நோகக் கூடாது என்று பார்ப்பவனா ஊருக்குப் பயந்தவன்?

செந்தூல் வாசகன்:
'நீ' என்று எழுத மனம் வரவில்லை, அதற்கு ஒரு மறைப்பு. தமிழில் 'நீங்கள்' மரியாதை என்பதால் ரஷ்யக் கணவனையும் அதே தராசில் நிறுக்கிறீர்கள். இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்துக் கணவன் ஹெல்மர் பேச்சு வந்தபோதும் இதைத்தான் செய்தீர்கள். மனைவியின் கடன் பத்திரம் திரும்பி வந்ததும் "நான் தப்பித்தேன்" என்று கத்தியவனை அன்பான கணவன் என்றீர்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லை: முதல் தலைப்பு எது?

ஜார்ஜ்டவுன்:
ஹெல்மரை இங்கே இழுக்காதீர்கள். நாலாம் பாகம், 17ஆம் அத்தியாயம். அவள் சாகக் கிடக்கும்போது மன்னிக்கிறான். பின்னால் விரான்ஸ்கிக்குப் பிறந்த பெண்குழந்தையையும் கவனிக்கிறான், இல்லாவிட்டால் அது செத்தே போயிருக்கும். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தே செய்தான்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
அது உண்மை. ஆனால் அதற்கு முன், மூன்றாம் பாகம் 23ஆம் அத்தியாயத்தில், உலகத்துக்குத் தெரியாதவரை, என் பெயர் கெடாதவரை கண்டும் காணாமல் இருப்பேன் என்றவனும் அவன்தான்.

செந்தூல் வாசகன்:
அக்கா சொன்னது போதும். 17ஆம் அத்தியாயத்து மன்னிப்பை 8ஆம் அத்தியாயத்துக்கு முன்தேதியிடாதீர்கள். நான் கேட்டது 8.

ஜார்ஜ்டவுன்:
ஒரே அத்தியாயத்தை வைத்து எட்டுப் பாக நாவலைத் தீர்ப்புச் சொல்வது உங்கள் கோலாலம்பூர் வழக்கம் போலும்.

செந்தூல் வாசகன்:
உங்கள் பினாங்கில் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார்களா? முதல் தலைப்பு எது, ஐயா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
ஊரை ஏன்லா இழுக்கிறீர்கள் இரண்டு பேரும்?

ஜார்ஜ்டவுன்:
ஆரம்பித்தது அவர். நான் நான்காவது தலைப்பிலேயே நிற்கிறேன்.