பழைய 25 அங்குல ரைசர், புது லிம்ப்: பொருந்துமா, எத்தனை பவுண்டு வாங்கலாம்?

கேள்வி: அம்பறா

பழைய 25 அங்குல அலுமினிய ரைசர் (வில்லின் நடுக் கைப்பிடி) இருக்கிறது. லிம்ப் (மேலும் கீழும் வளையும் வில் கை) ஐஎல்எஃப் என்ற பொதுப் பொருத்து வகை. நெட்டாகச் செருகினால் கிளிக் என்று உட்காரும். இப்போது இருப்பது மரம்-ஃபைபர் மீடியம் (நடுத்தர நீள) லிம்ப், 28 பவுண்டு (இழுக்கத் தேவையான விசை) என்று அச்சிட்டிருக்கிறது. மேல் லிம்ப் லேசாக முறுக்கிக்கொண்டு, நாண் நடுக்கோட்டில் நிற்பதில்லை. என் இழு நீளம் 27 அங்குலம். 50 மீட்டரில் இருந்து 70க்குப் போக வேண்டும். கார்பன்-ஃபோம் லிம்ப் 34 பவுண்டில் வாங்கலாமா? டேக்ரான் நாணையும் 900 ஸ்பைன் (தண்டின் வளைவு எண்; எண் கூடினால் அதிகம் வளையும்) அம்பையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: நாணோசை

பொருந்தும். ஆனால் வாங்கும்போது ஃபார்முலா வகையைத் தவிருங்கள். அது ஹோய்ட் என்ற வில் நிறுவனத்தின் தனி அமைப்பு; லிம்பின் அடிப்பகுதி நீளமாக இருக்கும், உங்கள் ரைசரில் உட்காராது. அதே நிறுவனம் கிராண்ட் பிரி என்று விற்பது ஐஎல்எஃப்தான், அது ஒத்துவரும்.

34 வேண்டாம். லிம்பில் அச்சிட்ட எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு குறையும் என்பதால், உங்கள் விரலில் இப்போது விழுவது ஏறக்குறைய 26தான். 34 லிம்ப் போட்டால் 32 விழும். ஒரே தாவலில் 6 பவுண்டு! தோள் தூக்கிக்கொள்ளும், கிளிக்கரை (முழு இழுப்பு வந்ததும் ஒலிக்கும் தகடு) தாண்ட முடியாமல் இழுப்பு சுருங்கும், கடைசியில் அம்பு தாழத்தான் போகும். 32 வாங்குங்கள். விரலில் 30 வரும். லிம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்து 28.5இல் தொடங்கலாம். 60 அம்பு எய்த பிறகும் கடைசி 6 அம்பின் இழுப்பு மாறவில்லை என்றால் அரைச் சுற்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். இந்தக் கணக்கையும் முழுதாக நம்பாமல், கொக்கித் தராசில் மாட்டி உங்கள் இழு நீளத்தில் அளந்து பாருங்கள். பழைய ரைசர்களில் பாக்கெட்டின் (லிம்ப் செருகும் இடம்) கோணம் வேறாக இருக்கலாம், ஒன்றிரண்டு பவுண்டு கூடவோ குறையவோ வரும்.

டேக்ரான் புது லிம்பைக் கெடுக்காது. ஆனால் அது நீளும் இழை, வேகத்தைத் தின்றுவிடும். 70க்குப் போகிறவருக்கு அது பெரிய நட்டம். 8125 என்ற நீளாத இழையில் 16 புரி போதும். புரி எண்ணிக்கை மாறினால் நாக் (நாணைக் கவ்வும் அம்பின் பின்முனை) பிடிப்பும் மாறும், அதைச் சரிபாருங்கள். ஒரு எச்சரிக்கை: நீளாத அந்த நாணைப் பழைய லிம்பில் மாட்டிவிடாதீர்கள். நுனி வலுவூட்டப்படாத லிம்ப் என்றால் நாண் பள்ளத்தில் பிளந்துவிடும். வார்ப்பு மெக்னீசிய ரைசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதிர்ச்சி முழுக்க ரைசருக்கே போகும்.

பதில்: மூங்கில்வில்

பொருத்தும் முறை பற்றி. முதலில் ரைசரைத் துடைத்து, போல்ட் மரையில் துரு, பாக்கெட் ஓரத்தில் மயிர் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த ரைசரை ஒதுக்கிவிடுங்கள், ஒட்டிப் பார்க்கிற வேலையே கூடாது.

பூட்டுத் திருகு இருந்தால் முதலில் அதை விடுவியுங்கள். இரண்டு லிம்ப் போல்ட்டையும் அடிவரை மென்மையாக இறுக்கி, அங்கிருந்து சமமாக 2 சுற்று தளர்த்துங்கள். அதற்கு மேல் எவ்வளவு தளர்த்தலாம் என்பதற்கு ரைசர் கையேடுதான் எல்லை. மரை போதாமல் பிடித்தால் இழுக்கும்போது போல்ட் பிய்த்துக்கொண்டு வரும். பவுண்டும் நீளமும் அச்சிட்டது வழக்கமாகக் கீழ் லிம்ப். நாணேற்ற ஸ்ட்ரிங்கர் (நாணேற்றும் கயிறு) கட்டாயம். காலில் மிதித்து ஏற்றினால் புது லிம்பும் முறுக்கிவிடும்.

அடுத்தது நடுக்கோடு, இதில் அவசரப்படாதீர்கள். லிம்ப் ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவைக் குறித்து, வில்லை நாற்காலி முதுகில் சாய்த்துப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நான்கு குறியும் நாணும் ஸ்டெபிலைசர் தண்டும் (ரைசரின் முன்னால் நீளும் சமநிலைத் தண்டு) ஒரே கோட்டில் வர வேண்டும். வராவிட்டால் பாக்கெட்டின் இரு பக்கமும் உள்ள வாஷரை இடம் மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரைசர் என்றால் லிம்பின் பக்கவாட்டில் மெல்லிய தகடு வைக்கலாம்.

பிரேஸ் ஹைட் (நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி) 68 அங்குல வில்லுக்கு, அதாவது 25 அங்குல ரைசரும் மீடியம் லிம்பும் சேர்ந்ததற்கு, 8.5 முதல் 9 அங்குலம். 8.5இல் தொடங்கி, நாணை முறுக்கி முறுக்கி ஏற்றி, சத்தம் எங்கே அடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். டில்லர் (லிம்பின் அடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), மேல் அளவு கீழைவிட 3 முதல் 5 மி.மீ. கூடுதல். இதை மாற்றினால் நாக்கிங் பாயின்டும் (நாணில் அம்பு மாட்டும் குறி) நகரும், அதனால் அதைக் கடைசியில் கட்டுங்கள்: சதுரக்கோலில் 0க்கு (அம்பு தாங்கியின் மட்டம்) மேலே 8 மி.மீ.

900 அம்பு இனி மெலிவாக நிற்கும், அதாவது தேவைக்கு மேல் வளையும். 18 மீட்டரில் இறகு இல்லாத அம்பு எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு அது இறகம்புக் கூட்டத்துக்கு வலப்பக்கம் விழுந்தால் மெலிவு. கொஞ்சம் என்றால் பிளஞ்சரை (அம்பின் பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் முளை) இறுக்கிச் சமாளிக்கலாம். ஒரு சாண் விலகினால் 800 பக்கம்தான் போக வேண்டும். அம்பு நீளமாக இருந்தால் கிளிக்கருக்கு இடம் விட்டு அரை அங்குலம் வெட்டியும் பார்க்கலாம்.

அம்பறா

32 போட்டாயிற்று. நடுக்கோடு சரி, தராசில் 29. ஆனால் பாதி இழுப்பில் மேல் பக்கம் "டிக்" என்கிறது.

மூங்கில்வில்

இழுப்பதை நிறுத்திவிட்டு, பஞ்சை லிம்பின் இரு விளிம்பிலும் ஓட்டுங்கள். எங்காவது இழை மாட்டினால் அடுக்கு பிரிகிறது, விற்றவரிடமே திருப்புங்கள். மாட்டவில்லை என்றால் போல்ட் தலை லிம்பில் உரசும் சத்தம்தான். தொடும் இடத்தில் நாண் மெழுகை மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். லிம்ப் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று நாணேற்றிய பின் மறுபடி பாருங்கள்.

நாணோசை

கூடவே, வில்லை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். அடுக்கை ஒட்டிய பசை சூட்டில் இளகும். உங்கள் பழைய லிம்ப் முறுக்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.