முடக்குவாதத்துக்கு முடக்கத்தான் தோசை போதுமா? மாத்திரையை நிறுத்தலாமா?

வத்தலக்குண்டு மகள்:
அம்மாவுக்கு வயது 62. முடக்குவாதம் என்று மருத்துவர் உறுதிசெய்து, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கிறார். மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல் வேறு. உறவினர் ஒருவர், "அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், மஞ்சள் பால் போதும்" என்று சொல்லிவிட்டார். அம்மா அதையே பிடித்துக்கொண்டு, மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளைச் செறிவாக்கிய மாத்திரையும் ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டார். இந்தக் கீரைகளில் வீக்கத்தைக் குறைக்கும் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா?

கொல்லைப்புறம்:
என் மாமியாருக்கு மூட்டுத் தேய்மானம். முடக்கத்தான் தோசை சாப்பிட்டால் கால் லேசாக இருப்பதாகச் சொல்வார். பிரண்டையை இளங்கொழுந்தாகப் பறியுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நீக்கி, நார் உரித்து, நிறம் மாறும்வரை எண்ணெயில் வதக்கிப் புளி வைத்து அரைக்க வேண்டும். வதக்கல் போதாவிட்டால் தொண்டை அரிக்கும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
மகளே, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூட்டுத் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டை அரிக்கிறது. வலி குறைந்திருக்கும்போதும் அந்த அரிப்பு உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். கோணிப்போன விரலை எந்தக் கீரையும் நிமிர்த்தாது. மெத்தோட்ரெக்சேட் தருவது அந்த அரிப்பைத் தடுக்கத்தான்.

கீரையில் பொருள் இருக்கிறது, ஐயமில்லை. முடக்கத்தானில் அபிஜெனின், லூட்டியோலின் ஆகிய ஃபிளேவனாய்டுகள் (ஒரு வகைத் தாவரப் பொருள்கள்) உண்டு. எலிகளிடம் அதன் சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் எலிக்குக் கொடுத்தது செறிவான சாறு. அம்மா சாப்பிடுவது மாவில் கலந்த ஒரு கைப்பிடி இலை.

மஞ்சளில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால் 90 மில்லிகிராம். அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தென்படவில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகு தட்டிப் போடும் நம் வழக்கம் எவ்வளவு அருமையானது! ஆனாலும் அந்த 2 கிராமைப் பாலிலேயே பெற வேண்டுமானால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும்.

எனக்குக் கவலை அந்த டப்பாவைப் பற்றித்தான். செறிவான குர்குமின், அதிலும் பைப்பரின் சேர்த்தது, சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு ஈரல் பரிசோதனை செய்வதே வழக்கம். அதன்மேல் இதையும் ஏற்றுவானேன்? டப்பாவை மருத்துவரிடம் காட்டாமல் திறக்க வேண்டாம். தோசையும் மஞ்சள் பாலும் தாராளமாகச் சாப்பிடட்டும்.

குமட்டலையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் சேர்ப்பார்கள், அல்லது ஊசியாக மாற்றுவார்கள். இடையில் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் கொடுத்துப் பாருங்கள். இஞ்சியின் காரப் பொருளான ஜிஞ்சரால், இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஷோகால் என்ற பொருளாக மாறும், காரம் கூடும். வயிறு எரியும் என்றால் சுக்கைவிடப் பச்சை இஞ்சியே மேல்.

வத்தலக்குண்டு மகள்:
மிக்க நன்றி ஐயா. அம்மாவுக்கு முன்பு சிறுநீரகக் கல் இருந்தது. பிரண்டை கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
அப்படியானால் வேண்டாம் அம்மா. கையையும் தொண்டையையும் அரிக்க வைப்பதே பிரண்டையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை அதே உப்பால் ஆனவை. மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் என்பதால், பழைய கல்லைப் பற்றி மருத்துவருக்குத் தெரியுமா என்று அடுத்த முறை கேட்டுவிடுங்கள்.