பதினைந்து வயதில் "என்னைவிட வேகமானவன் இல்லை" என்று சொல்வது தலைக்கனமா?

கரைச்சிமகன், கிளிநொச்சி:

அக்காவின் மகன் கனடாவில், மார்க்கம் நகரில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். வருகிற சித்திரையில் 16 வயது. ஒன்ராறியோ ஹொக்கி லீக் அணிகள் இந்த வயதுப் பிள்ளைகளைத்தான் தெரிவு செய்யும். அங்கிருந்துதான் பலர் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எச்எல் வரை போகிறார்கள். சென்ற மாதம் ஒரு போட்டி முடிந்ததும் யாரோ கைப்பேசியை நீட்டி, உன் பலம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "என் வயதில் என்னைவிட வேகமாகச் சறுக்குகிறவன் இந்த மாகாணத்தில் இல்லை. முதற்சுற்றிலேயே என்னை எடுப்பார்கள்" என்று சொல்லிவிட்டான். சிரிக்காமல், கமராவை நேராகப் பார்த்து.

அந்தக் காணொளி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. நாவூறு பட்டுவிடும் என்று அம்மம்மா இங்கிருந்தபடியே அவனுடைய படத்துக்கு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். காணொளியை அழித்துவிட்டு அவன் குழுவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார் பெரியப்பா. எனக்கு அவன் சொன்னதில் பிழை தெரியவில்லை. இங்கே பிள்ளைகளைப் பழக்குகிறவர்களும் விளையாடுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாஸ்டர், ஒட்டுசுட்டான்:

தம்பி, பெரியப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பாடசாலை மைதானங்களில் நரைத்த தலை என்னுடையது. "நான்தான்" என்று வாய் திறந்து சொன்ன பிள்ளை, மறுநாளிலிருந்து அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காக விளையாடத் தொடங்குகிறான். பந்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்க மாட்டான்.

உங்கள் ஹொக்கியிலேயே சாட்சி இருக்கிறது. அணிகள் இளம் வீரர்களை முறை வைத்து எடுக்கும் என்எச்எல் தெரிவில், 1993ஆம் ஆண்டு ஒட்டாவா செனற்றர்ஸ் அணி முதலாவதாக எடுத்தது அலெக்ஸாந்தர் டேக்ல் என்ற 18 வயதுப் பையனை. என்எச்எல்லில் ஒரு போட்டிகூட ஆடாதவனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 1 கோடியே 22 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலர் ஒப்பந்தம். இரண்டாவதாக எடுக்கப்படுகிறவனை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்று அவன் சொன்னான். அன்று இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் கிறிஸ் புறொங்கர். 2000ஆம் ஆண்டில் லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதையும் சிறந்த பின்கள வீரர் விருதையும் சேர்த்து வாங்கினார். 2007இல் என்எச்எல் வெற்றிக்கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம். 2015இல் ஹொக்கிப் புகழ் மண்டபம். டேக்ல் 616 போட்டிகளில் 327 புள்ளிகளோடு ஒதுங்கினார். முதலாவதாக எடுக்கப்பட்டவரிடம் எதிர்பார்த்தது அதுவல்ல. 1995இல் புதுமுக வீரர்களின் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்ததற்கே அவருடைய ஒப்பந்தம் ஒரு காரணம்.

முல்லைக்கடல், முல்லைத்தீவு:

மாஸ்டர், டேக்ல் விழுந்தது வாயால்தானா? 18 வயதுப் பையனின் தோளில் ஒரு நகரத்தின் எதிர்பார்ப்பையும் அவ்வளவு பணத்தையும் ஏற்றி வைத்தவர்கள் பெரியவர்கள். அவன் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நூறு கோல் போட்டிருப்பான் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

நான் உதைபந்தாட்டத்தில் பின்களத்தில் ஆடினேன். இப்போது பெண்பிள்ளைகளைப் பழக்குகிறேன். ஒரு தெரிவுக்காக எங்கள் பிள்ளைகளைத் தெற்கே கூட்டிப்போனோம். தெரிவாளர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தக்கூடியவர் யார் என்று கேட்டார். தமிழிலும் சொன்னார்கள். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளின் கைகள் சட்டென்று உயர்ந்தன. எங்கள் அணியின் மிகச் சிறந்த நடுக்களக்காரி குனிந்து, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிமிரவில்லை. கை உயர்த்தியவர்கள் முதல் அணிக்குப் போனார்கள். அவளுக்குக் கடைசிப் பத்து நிமிடம் கிடைத்தது, அதுவும் ஓரத்தில். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நானே என்னைப் பற்றிச் சொன்னால் தலைக்கனம் என்பார்களே அக்கா" என்றாள்.

செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற தாய்மார் பெற்று வளர்த்த பிள்ளைகள் இவர்கள். கண்ணில் படாதே, முந்தாதே, கேட்டால் மட்டும் பதில் சொல் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். அன்று அந்தப் புத்தி உயிரைக் காத்தது. பந்தோடு ஓடுகிற பிள்ளைக்கு இன்றும் அதையே சொல்வது பெரும் அநியாயம். அண்ணாவின் மருமகன் கமராவைப் பார்த்துச் சொன்ன வசனத்தை எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியாவது சொல்லிக் கேட்க வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

புளியங்குளத்தான்:

ஸ்காபரோவில் இருந்த காலத்தில் என் மூத்தவனை ஹொக்கியில் சேர்த்திருந்தேன். விடியுமுன்னே எழுந்து பனித்தளத்துக்குக் கூட்டிப்போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பல பையன்களைக் கவனித்திருக்கிறேன். அந்த விளையாட்டின் ஓட்டம் தெரியாமல் தலைக்கனத்தைப் பற்றிப் பேச முடியாது.

கோல் காப்பாளரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். முழு வேகத்தில் ஏறக்குறைய 45 செக்கன் சறுக்கிவிட்டு வாங்குக்குத் திரும்பிவிட வேண்டும். ஆட்டம் நிற்காது, ஒருவன் உள்ளே வரும்போதே மற்றவன் வெளியே பாய்வான். அதற்கு மேல் நின்றால் கால் கனத்துவிடும், எதிரணியோ புதுக் காலோடு வரும். இப்போது பாருங்கள்: ஒரு கோல் போட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் ஒருவன் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று பனித்தளத்திலேயே நிற்கிறான். அவனுடைய இடத்துக்கு இறங்க வேண்டிய பையன் தடுப்புப் பலகைக்கு மேலே ஒரு காலைப் போட்டபடி காத்திருக்கிறான். பழக்குநர் கத்துகிறார். இவன் காதில் விழாதது போல அந்தப் பக்கம் சறுக்குகிறான். பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பறிபோகிறது, திரும்பி ஓடிவந்து தடுக்க அவனிடம் மூச்சு இல்லை, எதிரணி கோல் போடுகிறது.

தலைக்கனத்தை நான் அங்கேதான் கண்டேன். அப்படி நின்றவர்களில் பலர் வாயால் மிக அடக்கமான பையன்கள். "எல்லாம் அணியின் உழைப்பு" என்று அழகாகப் பேட்டி கொடுப்பார்கள். வாய்த்துடுக்கான சிலரோ 40 செக்கனில் வாங்குக்கு வந்து அடுத்தவனின் தோளில் தட்டிவிட்டு உட்காருவார்கள். ஆகவே கரைச்சி அண்ணா, அவன் என்ன சொன்னான் என்பதோடு நிற்காமல், எவ்வளவு நேரம் பனித்தளத்தில் நிற்கிறான் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மாஸ்டர், ஒட்டுசுட்டான்:

புளியங்குளத்தார் சொல்வது அருமையான அளவுகோல். ஆனால் அந்தப் பையன் ஏன் பனித்தளத்தை விட்டு வர மறுக்கிறான்? தன்னை விட்டால் ஆளில்லை என்று யாரோ அவனை நம்பவைத்ததால்தான். வாயில் இருப்பது காலுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது.

எரிக் லின்ட்ரோஸை எடுங்கள். 1991இல் கியூபெக் நோர்டிக்ஸ் அணி முதலாவதாகத் தெரிவு செய்தது. மேடையில் அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொள்ளக்கூட அவர் மறுத்தார். ஓர் ஆண்டு முழுவதும் அந்த அணிக்கு ஆடவில்லை. 1992இல் அவரை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு, பீற்றர் போர்ஸ்பேர்க் உட்படப் பல வீரர்களையும் 1 கோடியே 50 இலட்சம் டொலரையும் வாங்கினார்கள். அதே கழகம் கொலராடோவுக்குப் பெயர்ந்து 1996இல் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. லின்ட்ரோஸ் அந்தக் கிண்ணத்தைக் கடைசிவரை தொடவில்லை.

முல்லைக்கடல், முல்லைத்தீவு:

தொடவில்லை, ஆனால் 1995இல் லீக்கின் பெறுமதிமிக்க வீரர் அவர்தான். 2016இல் புகழ் மண்டபத்துக்கும் போனார். 18 வயதில் தான் எந்த ஊரில், யாரிடம் வேலை செய்வது என்று ஒருவன் முடிவெடுத்தால் அது ஆணவமா, மாஸ்டர்? விரும்பாத இடத்துக்கு மாற்றம் வந்தபோது மேன்முறையீடு எழுதாத ஆசிரியர் வன்னியில் எத்தனை பேர்?

இன்னொன்றையும் கேளுங்கள். யாருடைய வாய்க்கு அந்தப் பெயர் சூட்டப்படுகிறது? பி.கே. சுபன் ரொறன்ரோவில் பிறந்தவர், பெற்றோர் கரீபியனிலிருந்து வந்த கறுப்பினத்தவர். 2007இல் மொன்றியல் அவரை 43ஆவதாக எடுத்தது. 2010இல், அவருடைய முதல் முழுப் பருவத்திலேயே, எதிரணித் தலைவர் மைக் றிச்சர்ட்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார்: இந்தப் பையன் இன்னும் மரியாதையைச் சம்பாதிக்கவில்லை, மற்றவர்களைவிடத் தான் மேல் என்று நினைக்கிறான் என்று. 2013இல் அதே பையன் சிறந்த பின்கள வீரர் விருதை வாங்கினார். 2015இல் மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்கு 1 கோடி டொலர் திரட்டித் தருவதாகப் பொறுப்பேற்றார். மண்ணிறத் தோலோடு அந்தப் பனித்தளத்தில் இறங்குகிற எங்கள் பிள்ளை நிமிர்ந்து பேசினால் முதலில் வரும் சொல் எதுவென்று எனக்குத் தெரியும். அதை அவனுடைய வீட்டார் நாங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா?

மாந்தை கிழக்கு:

முரளியை மறந்துவிட்டீர்களே. 2010இல் காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டோடு விடைபெறுகிறேன் என்று முதலே அறிவித்துவிட்டார். அப்போது 792 விக்கெட். 800க்கு எட்டு வேண்டும், ஒரே ஒரு போட்டி. கடைசிப் பந்தில் ஓஜாவை வீழ்த்தி முடித்தார். 799இல் நின்றிருந்தால் நாங்கள் அதைத் தலைக்கனம் என்றிருப்போம்.

மாஸ்டர், ஒட்டுசுட்டான்:

792 விக்கெட் எடுத்த பிறகு பேசியவரையும், இன்னும் தெரிவே ஆகாத பிள்ளையையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். முரளி பத்தொன்பது வயதில் தன்னைப் பற்றி இப்படிப் பேசித் திரிந்தாரா?

சுபன் விடயத்தில் பிள்ளை சொல்வதை மறுக்க எனக்கு வழி இல்லை. அந்த வலி உண்மை.

முல்லைக்கடல், முல்லைத்தீவு:

சாதித்த பிறகு பேசலாம் என்றால் என்எச்எல் நட்சத்திரம் ஒவெச்கினை ஏன் விடவில்லை? 2009 பங்குனியில் அந்தப் பருவத்தின் 50ஆவது கோலைப் போட்டுவிட்டு, மட்டை சுடுகிறது என்பது போலக் கீழே போட்டுக் கைகளை அதன் மேல் காய்ச்சிக் காட்டினார். தொலைக்காட்சியில் ஹொக்கி விமர்சகர் டொன் செரி பொரிந்து தள்ளினார். 2025 சித்திரையில் 895ஆவது கோலோடு, என்எச்எல்லில் அதிக கோல் போட்ட கிறெட்ஸ்கியின் சாதனையைக் கடந்தவர் அதே மனிதர்தான். மகிழ்ச்சியைக் காட்டவே கூடாது என்பவர்களுக்கு எந்த எண்ணும் போதாது.

புளியங்குளத்தான்:

நடைமுறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்எச்எல் தெரிவுக்கு முன்பு பவலோ நகரில் இளம் வீரர்களுக்கு உடற்தகுதிச் சோதனை நடக்கும். அங்கேயே ஒவ்வோர் அணியும் தான் விரும்புகிற பையன்களைத் தனி அறையில் அழைத்துப் பேசும். அங்கே குனிந்த தலையோடு "தெரியாது" என்று முணுமுணுக்கிற பையனுக்கும் இடம் கிடைப்பது கடினம், கேள்வியை முடிக்க விடாமல் வெட்டிப் பேசுகிறவனுக்கும் கடினம். போன ஆட்டத்தில் எங்கே பிழை விட்டாய் என்று கேட்டால் அவன் குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். "என்னைவிட வேகமானவன் இல்லை" என்றவனிடம் நான் அடுத்துக் கேட்கும் கேள்வி அதுதான்.

கரைச்சிமகன், கிளிநொச்சி:

அக்காவோடு இப்போதுதான் பேசினேன். புளியங்குளத்து அண்ணாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: இரண்டு கிழமைக்கு முன் ஒரு போட்டியில், கூப்பிட்டும் வராமல் நின்றதற்காகப் பழக்குநர் அவனைக் கடைசி 20 நிமிடப் பகுதி முழுவதும் வாங்கிலேயே இருத்திவிட்டாராம். காரில் வரும்போது அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த நாள் அதே போட்டியின் காணொளியைப் போட்டு, தான் நின்ற நேரத்தைக் கடிகாரம் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான் என்றா.

மாந்தை கிழக்கு:

எண்ணினான் அல்லவா. பிள்ளை தப்பிவிட்டான்.

முல்லைக்கடல், முல்லைத்தீவு:

கரைச்சி அண்ணா, அப்படியானால் காணொளியில் சொன்ன சொல்லுக்கு அவனை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். வேகமானவன் என்பது உண்மையானால் அதில் கேட்க ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால், பலகைக்கு மேலே காலைப் போட்டுக்கொண்டு அன்று இவனுக்காகக் காத்து நின்றானே ஒரு பையன், அவனிடம் கேட்கட்டும். பெரியப்பாவுக்கு அதை விளங்கப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

மாஸ்டர், ஒட்டுசுட்டான்:

அந்தப் பையனிடம் கேட்பது சரி, முழுமனதோடு ஏற்கிறேன். காணொளியை அழிக்க வேண்டும் என்பதில் நான் அசையவில்லை. டேக்ல் 18 வயதில் சொன்ன ஒரு வசனத்தை முப்பது ஆண்டுகள் கழித்து ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு நான் எடுத்துப் பேசுகிறேன். உங்கள் மருமகனுக்கு அது வேண்டாம் தம்பி.

கரைச்சிமகன், கிளிநொச்சி:

இரண்டையும் அக்காவிடம் சொல்கிறேன் மாஸ்டர். அழிப்பதா வைப்பதா என்று அவனே முடிவெடுக்கட்டும். பெரியப்பாவிடம் நாளை நேரில் போய்ப் பேசுகிறேன்.