தனியார் கடற்கரை கிளப்பைப் புதுப்பிக்க நகராட்சிப் பணம்: ஆட்சேபத்தை எப்படி எழுதுவது?

டோங்காட்வாசி

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே எங்கள் பக்கத்துக் கடற்கரையில், நகராட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு தனியார் கிளப்பை இடித்துக் கட்ட, செலவில் பெரும் பங்கை நகராட்சியே ஏற்கப்போவதாகத் தெரியவந்துள்ளது. உறுப்பினர்களுக்கு நீச்சல் குளம், மேல்தளத்தில் மதுக்கூடம், வாடகைக்கு விடத் திருமண மண்டபம் என்று வரைபடம் விரிகிறது. பொதுமக்களுக்கு மிஞ்சுவது ஒரு கழிப்பறையும், இரவில் பூட்டப்படும் கதவுக்குப் பின்னால் ஒரு நடைபாதையும்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் டேங்கருக்குப் பின்னால் வாளியோடு நின்ற ஊர் இது; வரி கட்டுகிறவர்களின் கோபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

"நிலம் நகராட்சியுடையது, கட்டடமும் கடைசியில் நகராட்சிக்கே சேரும், எனவே இது பொதுச்சொத்தில் செய்யும் முதலீடு" என்று கிளப் தரப்பில் வாதிடுகிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கடிதத்தில் இதற்கு என்ன பதில் எழுதலாம்?

சாட்ஸ்வொர்த் கணக்கர்

ஐயா, அந்த வாதத்தில் பாதி உண்மை. இந்நாட்டுச் சட்டப்படி நிலத்தோடு நிலையாகச் சேர்ந்த கட்டடம் பொதுவாக நில உடைமையாளருக்கே உரியது. ஆனால் எப்போது கைக்கு வரும் என்பதைக் குத்தகைக் காலம்தான் தீர்மானிக்கிறது. முப்பது ஆண்டுக் குத்தகை என்றால், புதுக்கட்டடத்தின் நல்ல காலத்தை எல்லாம் கிளப் அனுபவித்துவிட்டு, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கூரை ஒழுகும் நிலையில் நகராட்சியிடம் ஒப்படைக்கும். இடிக்கும் செலவும் அப்போது நம் தலையில்தான். ஆகவே முதலில் குத்தகைப் பத்திரத்தைக் கேளுங்கள். எவ்வளவு காலம், வாடகை என்ன, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற மூன்றும் தெரியாமல் எழுதும் ஆட்சேபம் வெறும் புலம்பலாகவே போய்ச்சேரும். தர மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பியுங்கள். பதில் தர முப்பது நாள் கெடு உண்டு.

அடுத்தது 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். அரசு சாராத அமைப்புக்குப் பணம் மாற்றுவதானால், அந்த அமைப்பு மாதந்தோறும் செலவுக் கணக்கையும், தணிக்கை செய்த ஆண்டறிக்கையையும் தர ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது 67ஆம் பிரிவு. மூன்று நிதியாண்டுகளுக்கு மேல் நகராட்சியின் மீது நிதிச்சுமை ஏற்றும் ஒப்பந்தமானால் 33ஆம் பிரிவு வரும்: மன்றக் கூட்டத்துக்கு அறுபது நாள் முன்பாவது வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு வந்ததா என்று கடிதத்தில் நேரடியாகவே கேளுங்கள்.

தூண்டில்காரன்

தம்பி, கிளப்பின் பக்கச்சுவரை ஒட்டி ஒரு மணல் தடம் உண்டே, அதை வரைபடத்தில் தேடிப் பார்த்தீர்களா? ஜூன், ஜூலையில் மத்தி கரைக்கு வரும்போது, விடிவதற்கு முன்னே தூண்டிலும் வாளியுமாக நாங்கள் இறங்குவது அந்த வழியில்தான். அதை மூடிவிட்டுப் பூட்டுப்போட்ட நடைபாதையைத் தருவது எங்களுக்கு ஈடாகாது.

2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டப்படி கடற்கரை குடிமக்களுடையது. அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே. நியாயமான முறையில் அங்கே போய்வரும் உரிமை எல்லாருக்கும் உண்டு. அதற்கான வழிகளைத் துணைவிதி மூலம் அறிவிக்கும் கடமை நகராட்சியுடையது. எங்கள் தடம் அப்படி அறிவிக்கப்பட்டதா என்று கேட்டு எழுதுங்கள். 1989 இறுதிவரை, வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகையைத் தாண்டி டர்பனில் மணலில் கால் வைக்க முடியாத தலைமுறை நான். கிளப் தன் பணத்தில் எதையும் கட்டிக்கொள்ளட்டும். என் வரிப்பணத்தில் எனக்கே கதவு போட வேண்டாம்.

ஃபீனிக்ஸ் விஜி

அண்ணன்மார் மன்னிக்க வேண்டும், நான் சற்று மாறுபடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகள் மூடப்பட்டபோது, ஹோட்டல் வேலையை நம்பிய எங்களைப் போன்ற குடும்பங்கள்தான் முதலில் அடிபட்டன. பயணிகள் வர ஓர் இடம் வேண்டும். 2004இல் டர்பனில் திறந்த உஷாகா கடல் பூங்காவுக்கும் நகராட்சிதானே பணம் போட்டது? அடியோடு எதிர்ப்பதைவிட நிபந்தனை போட்டுப் பேரம் பேசலாமே.

சாட்ஸ்வொர்த் கணக்கர்

விஜி அம்மா, வேலை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உஷாகா நகராட்சிக்கே சொந்தமான நிறுவனம். நட்டமோ லாபமோ, அதன் கணக்கு மன்றத்துக்கு வருகிறது, தலைமைத் தணிக்கையாளரும் பார்க்கிறார். தனியார் கிளப்பின் லாபமோ நம் பக்கம் வராது. நீங்கள் சொல்லும் பேரத்தை இப்படி வைக்கலாம்: கழிப்பறை, உயிர்காப்போர் அறை, நடைபாதை, வடிகால் ஆகியவற்றை நகராட்சியே தன் டெண்டரில் கட்டி, தன் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் வேலை உண்டு. மண்டபத்துக்கும் மதுக்கூடத்துக்கும் கிளப் வங்கிக்குப் போகட்டும்.

டோங்காட்வாசி

அனைவருக்கும் நன்றி. கடைசியாகச் சொன்ன பிரிப்பு எங்கள் சங்கத்தில் எடுபடும். திட்டமே கூடாது என்பவர்களும் விஜி அம்மாவைப் போல் எண்ணுபவர்களும் அதில் கையெழுத்திடுவார்கள். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், வரைவு வரவுசெலவுத் திட்டத்தின் மீது கருத்துக் கேட்கும் காலத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு நகல் வார்டு கவுன்சிலருக்கும் போகும். தூண்டில்கார ஐயா, அந்தத் தடத்தைச் சாலையிலிருந்து மணல்வரை படமெடுத்து அனுப்ப முடியுமா? வரைபடத்தில் அது இல்லவே இல்லை.