கேசட் மந்தமாகக் கேட்டால் முதலில் ஸ்குரூவில் கை வைக்காதீர்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ரேடியோ, டூ-இன்-வன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) பழுதுபார்க்கும் கடையில் வெகுகாலம் இருந்தவன் நான். இப்போது வேலையில் பாதி, பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான். பழைய குரல் கேசட் என்றால் ஹெட்டை, அதாவது நாடாவில் உள்ள ஒலியைப் படிக்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டை, புத்தகத்தில் சொன்ன இடத்தில் நிறுத்தினால் போதாது, அந்தக் கேசட் எந்தக் கோணத்தில் பதிவானதோ அந்தக் கோணத்துக்கு, ஹெட் பக்கத்தில் உள்ள ஸ்குரூவைத் திருப்பி, ஹெட்டைக் கொண்டுபோக வேண்டும். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருந்த கேசட்டுகளில் கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் ஒரு வகை, பேசி அனுப்பிய கேசட் இன்னொரு வகை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் பேசி அனுப்பியது, அப்புறம் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் பேசி அனுப்பியது. இதெல்லாம் ஸ்பீக்கர் ஒன்றே உள்ள சின்ன மோனோ ரெக்கார்டரில் பதிந்தவை, அந்த ரெக்கார்டரின் ஹெட் நேராக இருந்ததா கோணலாக இருந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரெக்கார்டிங்கும் பிளேயும் ஒரே ஹெட் என்பதால் அவர்கள் திரும்பப் போட்டுக் கேட்டபோது நன்றாகத்தான் கேட்டிருக்கும். கோளாறு தெரிவது வேறு மெஷினில் போடும்போதுதான்.

ஒரு அம்மா மஸ்கெலியா பக்கத் தோட்டத்திலிருந்து வந்தார், தம்பி கோத்தகிரியிலிருந்து அனுப்பிய கேசட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு. "பேசுறது கேக்குதுப்பா, ஆனா என்ன சொல்றான்னுதான் வெளங்கல" என்றார். போட்டுப் பார்த்தேன், ஆளின் தொனி இருக்கிறது, ச, ஸ மாதிரி எழுத்தெல்லாம் விழுங்கிப் போயிருக்கிறது. கேட்டதும் கை ஸ்குரூவுக்குத்தான் போகும். நான் கேசட்டைத் திருப்பி உள்ளே பார்த்தேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்ன பஞ்சுத் துண்டு பசை காய்ந்து விழுந்து கிடந்தது. நம்ம ஊர் ஈரத்துக்கு அது விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேறொரு கேசட்டிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டியதும் பாதி தெளிவாகிவிட்டது. மீதிப் பாதிதான் ஹெட் கோணம்.

ஏன் இவ்வளவு சின்னக் கோணத்துக்கு இந்தப் பாடு என்றால், கேசட் நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று நாடாவில் எடுத்துக்கொள்ளும் நீளம் 4.76 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கை விடக் குறைவு. மோனோ தடத்தின் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 0.18 பாகை கோணல் போதும், அந்த ஒலி முழுசாக அழிந்துவிடும். ஸ்டீரியோ தடம் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான் என்பதால் அது இன்னும் கொஞ்சம் தாங்கும். பேசிய கேசட்டைப் பதிந்த ஹெட்டே கோணலாக இருந்திருந்தால், பாட்டுக் கேசட் சுமாராகவாவது ஓடுகிற மெஷினில்கூட அது தெளிவாக ஓடாது.

நான் செய்கிற முறை இது. முதலில் ஹெட்டையும், நாடாவை இழுக்கிற ரப்பர் உருளைக்கு எதிரே சுற்றுகிற இரும்புத் தண்டையும் சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹோலால் துடைப்பேன், பிரவுன் நிறத் தூள் பஞ்சில் வருவது நிற்கும்வரை. பார்மசியில் தருகிற சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். காந்தம் ஏறிய ஸ்குரூ டிரைவரை ஹெட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஹெட்டின் ஒரு பக்கம் இறுக்கிய ஸ்குரூ, மறுபக்கம் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஸ்குரூ, திருப்ப வேண்டியது ஸ்பிரிங் உள்ளதை மட்டும். முதலில் இருந்த இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்வேன். அப்புறம் ஹெட்போனை மோனோவில் போட்டு, ஆள் பேசும் இடமாகப் பார்த்து, மெல்ல மெல்லத் திருப்புவேன். கால் சுற்று என்பதே பெரிய திருப்பு. மந்தமாக இருக்கிறது, தெளிகிறது, மறுபடி மந்தமாகிறது, அந்த உச்சத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்த வேண்டும். வயதாகிவிட்டது, காது பத்தாயிரம் ஹெர்ட்ஸெல்லாம் கேட்பதில்லை, எனக்கு உதவுவது இன்னொரு வழி. மோனோவில் பதிந்த நாடாவை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டினால் இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே குரல்தான் வர வேண்டும். கணினியில் ஒரு பக்கத்து ஒலி அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட் கோணலாக இருந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் முந்தி வரும், அதனால் ஸ் ஸ் என்று மிச்சம் கேட்கும். அந்த மிச்சம் எங்கே மிகக் குறைவோ அதுதான் சரியான இடம்.

அந்த அம்மாவின் கேசட்டில் தெளிந்து வந்தது பெரும்பாலும் விலைவாசிதான், அரிசி விலை, ஸ்டவ் எண்ணெய் விலை, அங்கே குளிர் இங்கேயை விடக் கொஞ்சம் கம்மி என்று. அவர் அதற்கே சிரித்தார்.

வேலை முடிந்ததும் ஸ்குரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். சரியான கோணத்தில் பதிந்த டெஸ்ட் கேசட் இருந்தால் அதை வைத்துச் சரி பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியில் பதிந்த பாட்டுக் கேசட்டுகள் சிலவற்றைப் போட்டு நடுவிலான இடத்தில் நிறுத்தி, ஸ்குரூ அசையாமல் இருக்க ஒரு சொட்டு கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) வைத்து விடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒருவர்:

அண்ணே, எங்களிடம் மன்மதன் கதையை ஆடிப் பாடுகிற காமன் கூத்துக் கேசட் இருக்கிறது, எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் பாடியது. ஹெட்டை எவ்வளவு திருப்பினாலும் தப்பு மேளம் அடிக்கும்போதெல்லாம் பாடுகிறவர் குரல் உள்ளே போய் மெல்ல மேலே வருகிறது. அதோடு கேசட்டின் முதலில் குரல் சரியாக இருக்கிறது, போகப் போக எல்லோரும் சின்னப் பிள்ளை மாதிரிப் பாடுகிறார்கள். இதற்கும் ஸ்குரூதானா?

பதில்:

இல்லை தம்பி. இரண்டுக்கும் ஹெட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்துச் சின்ன ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானே குறைக்கும் சர்க்கிட் இருக்கும், பலமான அடி விழுந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு மெல்ல விடும். அது நாடாவிலேயே பதிந்துவிட்டது, கணினியில் கொஞ்சம் சமாளிக்கலாம், முழுசாகத் திருத்த முடியாது. இரண்டாவது, பெட்டரி இறங்கியிருக்கிறது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கரண்ட் இல்லாத காலம், ராத்திரி முழுக்கக் கூத்து. பதியும்போது மோட்டர் மெதுவாகிக்கொண்டே போனால், சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் ஏறிக்கொண்டே போகும். டெக்கின் வேகத்தை மாற்றிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், ஒரே வேகத்தில் ஓட்டிப் பதிந்துவிட்டு, கணினியில் பகுதி பகுதியாக வேகத்தைக் குறையுங்கள். முதல் பத்து நிமிடத்தில் பாடுகிறவரின் சுருதியை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு முன்னால் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள், நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டிலும் ஒட்டும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும். அப்படி இருந்தால் ஓட்ட வேண்டாம், கொண்டு வாருங்கள், அதற்கென்றே ஒரு பழைய டெக் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.